15-க்கும் 50-க்கும் நடுவே சிக்கிய கார்கள்

புது தில்லி: ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சேர்ந்தால் உண்டாகும் வட்டத்தின் அளவே உள்ள மெல்லிய உலோக வளையம் அது. "கேஸ்கட்" என்று மெக்கானிக்குகள் அழைக்கும் இந்த வளையம் பழுதானால், காற்றால் குளிரூட்டப்படும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் என்ஜின் நாளடைவில் வெந்து கெட்டுவிடும். வெளியேறும் புகையும் கெடும். புதிய வளையத்தைப் போட்டுவிட்டால் என்ஜினும் பிழைக்கும், புகையும் கட்டுக்குள் வரும்.

ஆனால், பழைய கார் ஒன்று தில்லிச் சாலைக்கு வரலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பது என்ஜினின் நிலை அல்ல. பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டுதான். இது சரியா என்ற கேள்வி பழைய கார்ப் பிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. சட்டம் எதை அளக்க வேண்டும், எதை அளக்க அஞ்சுகிறது என்பதையும் அது தொடுகிறது.

தடையின் கதை

தில்லியின் காற்று மாசு குறித்த வழக்குகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தலைநகரில் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. 2015 ஏப்ரலில் டீசல் வாகனங்களுக்கு 10 ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

வயது கடந்த வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல், டீசல் கிடையாது என்ற அறிவிப்பு எதிர்ப்புக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரம் கொண்ட வாகனங்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. கார்பரேட்டர் பொருத்திய பழைய கார்கள் அனைத்தும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

குளிர்காலத்தில் தில்லியில் மூச்சு விடவே அஞ்சும் முதியோரும் குழந்தைகளும் இருக்கும்போது இந்த உத்தரவுகளைப் பழிப்பது எளிதல்ல. அவற்றின் நோக்கம் நியாயமானது. அளவுகோல் சரியா என்பதே கேள்வி.

தண்ணீர் இல்லாத என்ஜின்

பீட்டில் கார் இந்தியாவில் ஒருபோதும் தயாரிக்கப்பட்டதில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்தவையே இங்கு உள்ளன. தூதரகங்கள் நிறைந்த நகரம் என்பதால் தில்லிக்கு இந்தக் கார் அந்நியமல்ல. உலகெங்கும் 2 கோடியே 15 லட்சத்துக்கும் அதிகமான பீட்டில்கள் உற்பத்தியாயின. கடைசிக் கார் 2003 ஜூலை 30-ல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது.

இதன் என்ஜின் பின்புறம் உள்ளது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. மின்விசிறி ஒன்று வீசும் காற்றும், உள்ளே ஓடும் ஆயிலுமே சூட்டைத் தணிக்கின்றன. நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக இடமும் வலமும் படுத்திருக்க, நடுவே மேலே ஒற்றை கார்பரேட்டர் அமர்ந்திருக்கும். அங்கு உருவாகும் பெட்ரோல், காற்றுக் கலவையை இரு பக்கமும் கொண்டு செல்லும் நீண்ட குழாயே "இன்டேக் மேனிஃபோல்ட்". அந்தக் குழாய் சிலிண்டர் ஹெட்டைச் சந்திக்கும் இடத்தில்தான் கேஸ்கட் இருக்கிறது.

என்ஜின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. பல ஆண்டுகளில் கேஸ்கட் நசுங்கி இறுகிப்போகிறது, நட்டுகள் தளர்கின்றன, மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அதன் வழியே கார்பரேட்டர் அளந்து அனுப்பாத காற்று உள்ளே புகுகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுகிறது. அப்படிப்பட்ட கலவை எரியும்போது சிலிண்டர் ஹெட் அளவு மீறிச் சூடாகிறது. தண்ணீர் ஓடும் என்ஜின் இந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். காற்றை மட்டுமே நம்பிய என்ஜினில் முதல் பலி எக்ஸாஸ்ட் வால்வு. அதன் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் போகும்.

பழுதும் பரிகாரமும்

அறிகுறிகள் மறைந்திருப்பதில்லை. வண்டி நிற்கும்போது என்ஜினின் வேகம் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தயங்கும். கார்பரேட்டர் வழியே "பட்" என்று வெடிக்கும். என்ஜின் ஓடும்போது கேஸ்கட் இருக்கும் இடத்தில் கார்பரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. ஓட்டத்தின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். அருகே எக்ஸாஸ்ட் தகித்துக்கொண்டிருக்கும் என்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அனுபவம் உள்ளவரே செய்ய வேண்டும்.

மாற்றும் வேலை எளியது. ஆனால் பொறுமை கேட்பது. என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே தொட வேண்டும். 13 மி.மீ. ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றி, குழாயை நகர்த்தியதும் சிலிண்டர் ஹெட்டின் வாயில் துணியை அடைக்க வேண்டும். பழைய கேஸ்கட்டின் துணுக்கோ வாஷரோ உள்ளே விழுந்துவிட்டால் சிறு வேலை பெரும் செலவாகும். ஹெட் அலுமினியத்தால் ஆனது. எஃகுத் தகட்டால் முரட்டுத்தனமாகச் சுரண்டினால் கீறல் விழுந்து புதிய கேஸ்கட்டும் கசியும். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த தூள் பறக்காமல் ஈரப்படுத்தியே நீக்க வேண்டும்.

1971 மாடல்களிலிருந்து வந்த 1600 சி.சி. என்ஜின்களில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வாய்கள் உண்டு. அங்கே கேஸ்கட்டோடு, குழாயை நடுப்பகுதியுடன் இணைக்கும் ரப்பர் உறைகளையும் சேர்த்து மாற்றுவதே முறை. நட்டுகளை இரு புறமும் சமமாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வலுவைக் காட்டினால் குழாயின் விளிம்பு வளையும் அல்லது ஹெட்டில் உள்ள போல்ட்டு மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். வண்டி ஒருமுறை ஓடி ஆறிய பின் நட்டுகளை மீண்டும் சரிபார்த்து, கடைசியாகவே கார்பரேட்டரைத் திருத்த வேண்டும்.

பீட்டிலுக்கான கேஸ்கட் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. தட்டையான கேஸ்கட் என்றால், கேஸ்கட் தாளை உலோக விளிம்பின் மீது வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டியே வடிவத்தை வெட்டி எடுக்கும் கைத்திறன் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. கார்கள் சாலையை விட்டு மறைந்தால் இந்தத் திறனும் அவர்களோடு போய்விடும்.

சோதனை சொல்லும் உண்மை

புகைச் சோதனையில் இந்தக் கசிவு அகப்படுமா? அகப்படும். பெட்ரோல் கார்களுக்கான மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் சோதனை, என்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது நடத்தப்படுகிறது. மேனிஃபோல்ட் கசிவின் விளைவு மிக அதிகமாகத் தெரிவதும் அந்த நிலையில்தான். பி.எஸ்.-2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 10 லட்சத்தில் 1,500 பங்கும் உச்ச வரம்பு. கசிவுள்ள என்ஜினில் கலவை முழுமையாக எரியாமல் தவறுவதால் ஹைட்ரோகார்பன் ஏறும். கசிவைத் தேடாமல், கார்பரேட்டர் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால் என்ஜினின் சத்தம் அடங்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறும். நேர்மையாகச் சோதித்தால் இரண்டில் ஒன்று காட்டிக் கொடுத்துவிடும்.

"நேர்மையாக" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. தில்லியில் வாகன மாசு குறித்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. வரம்பை மீறிப் புகை கக்கிய 1 லட்சத்து 8 ஆயிரத்துக்கும் அதிகமான வாகனங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்ததை அந்த அறிக்கை அம்பலப்படுத்தியது. தன்னுடைய சோதனையையே நம்ப முடியாத நிர்வாகத்துக்கு, பதிவுச் சான்றிதழின் ஆண்டைப் படிப்பது எளிய வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுப்பவர், வண்டியை ஒழுங்காகப் பராமரித்தவர்.

ஓர் அரசு, இரு குரல்கள்

மத்திய அரசின் எரிபொருள் கொள்கையும் இந்தச் சிறு வளையத்தைத் தொடுகிறது. 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கு 2025-ல் எட்டப்பட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், வெறும் பெட்ரோலுக்காகத் திருத்தப்பட்ட கார்பரேட்டரில் கலவையின் பெட்ரோல் பங்கு மேலும் குறைகிறது. கேஸ்கட் கசிவும் சேர்ந்தால் சூடு இரட்டிப்புச் சுமையாகிறது.

இது குறித்த அச்சங்களுக்கு 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்த பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வாகனங்களில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கி.மீ. ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும், அதற்குச் செலவு குறைவு என்றும் தெரிவித்தது. பழைய வண்டியை கேஸ்கட் மாற்றி ஓட்டலாம் என்பது அதன் பொருள். அதே அரசின் போக்குவரத்துத் துறையோ பழைய வண்டியைக் கழித்துவிடச் சொல்கிறது.

35 ஆண்டு வனவாசம்

2021 ஜூலை 15-ல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் "வின்டேஜ்" வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வாகனங்கள் "வி.ஏ." என்ற தனி எண்ணைப் பெறலாம். கட்டணம் ரூ. 20 ஆயிரம், செல்லுபடி 10 ஆண்டுகள். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம்.

ஆக, தில்லியில் பெட்ரோல் கார் 15 வயதில் சாலைக்கு வேண்டாதது ஆகிறது. 50 வயதில் பாரம்பரியச் சின்னம் ஆகிறது. நடுவே உள்ள 35 ஆண்டுகள் அது எங்கே இருப்பது? 1973-ல் பதிவான பீட்டிலுக்கு இடம் உண்டு. 1985-ல் பதிவானதற்கு இல்லை. தில்லிக்கு வெளியே ஓட்டுவோருக்கும் சுமை குறைவல்ல. 20 ஆண்டுகளைக் கடந்த இறக்குமதி கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 80 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் பீட்டில் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

பீட்டில் பிறந்த ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து, மூல நிலையில் நன்கு பராமரிக்கப்படும் கார்களுக்கு, தகுதி பெற்ற நிபுணர் பரிசோதித்த பின் "எச்" எழுத்துடன் எண் வழங்கப்படுகிறது. அவை மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களிலும் நுழையலாம். அங்கு வயது முதல் தகுதி மட்டுமே. தீர்ப்பை எழுதுவது வண்டியின் நிலை.

எவ்வளவு பராமரித்தாலும் கார்பரேட்டர் என்ஜின், இன்றைய பி.எஸ்.-6 காரின் தூய்மையை எட்டாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மாசு என்பது ஒரு கிலோ மீட்டருக்கு வெளியாகும் புகையை மட்டும் பொறுத்ததல்ல; எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. மாதத்தில் ஓரிரு நாள் வெளியே வரும் காரும், நாள்தோறும் நகரைச் சுற்றும் சரக்கு வண்டியும் ஒன்றல்ல.

ஓட்டத்துக்கு வரம்பு, ஆண்டுதோறும் கண்டிப்பான சோதனை, பொய்ச் சான்றிதழ் தரும் மையங்களுக்குத் தண்டனை ஆகிய மூன்றையும் சேர்த்து, வின்டேஜ் விதிகளை 50-லிருந்து 30 ஆண்டுகளுக்கு இறக்குவது அரசுக்குக் கடினமான காரியமல்ல. சோதனை மையங்கள் சீரானால் பலன் பழைய கார்களோடு நிற்காது. தில்லியில் ஓடும் ஒவ்வொரு வாகனமும் உண்மையான தேர்வை எழுத நேரிடும். தலைநகரின் காற்றுக்குத் தேவைப்படுவது அதுவே.