சரக்கு போன வழி, இன்று வருமானம் தரும் வழி

நுவரெலியாவில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பொருளின் கொள்விலையோடு லொறிக்கூலியும் ஒரு பெரிய கவலை. கொழும்பிலிருந்து ஏறிவரும் அரிசி, சீனி, மாவுக்கும், இங்கிருந்து இறங்கும் மரக்கறிக்கும் பாதைதான் விலை சொல்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்டபோது இதை நாம் எல்லோரும் நன்றாக உணர்ந்தோம். இந்த நினைப்போடு இருந்ததால், பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு ஹமில்டன் கால்வாயில் போன படகுப் பயணம் எனக்கு ஒரு வியாபாரப் பாடமாகவே பட்டது.

களனி கங்கையையும் நீர்கொழும்புக் களப்பையும் இணைக்கும் இந்தக் கால்வாயின் நீளம் சுமார் 14.5 கிலோமீற்றர். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தனர். அன்றைய வருமான, வர்த்தக அதிகாரி கெவின் ஹமில்டனின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்பே ஒல்லாந்தர் இக்கரையோரத்தில் கால்வாய்கள் வெட்டிப் புத்தளம் வரை நீர்வழி அமைத்திருந்தனர். அதனால் இதையும் சேர்த்து ‘டச்சுக் கால்வாய்’ என்று சொல்வோரும் உண்டு.

போபிட்டியவில் இயந்திரப் படகில் ஏறினோம். இருபுறமும் கண்டல் மரங்கள், மீன்கொத்தி, நீர்க்காகம், கரையில் வெயில் காயும் கபரகொய்யா. பிள்ளைகள் பறவைகளை எண்ணினார்கள். நானோ பழைய சரக்குக் கணக்கை எண்ணினேன். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். உள்ளே கால்வாய் அமைதியாக இருக்கும். கூரை போட்ட தட்டையான படகுகளில் கறுவா, பாக்கு, தேங்காய் எல்லாம் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயின. பல மாட்டுவண்டிகளின் சுமையை ஒரே படகு ஏற்றும். கூலி குறைந்தால் தூரத்து ஊர்ப் பொருளும் சந்தையில் விலைபோகும்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பக்கத்திலுள்ள முத்துராஜவெல ஒரு காலத்தில் நல்ல நெல் விளைந்த பூமி. கால்வாய் வழியே கடலின் உப்புநீர் உள்ளே புகுந்ததால் வயல்கள் பாழாயின. அந்த உப்புநீரை வடித்துவிடும் நோக்கமும் ஹமில்டன் கால்வாய்க்கு இருந்தது. ஆனால் அது கைகூடவில்லை. வியாபாரிக்கு இலாபம் தந்த வழி விவசாயிக்கு நட்டம் தந்தது. எந்தத் திட்டம் வந்தாலும் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று இரண்டையும் நாம் கேட்க வேண்டும்.

புகையிரதமும் லொறியும் வந்த பின் கால்வாயில் சரக்குப் போவது நின்றது. ஆனாலும் வழி மூடப்படவில்லை. முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று படகோட்டி, வழிகாட்டி, தேநீர்க் கடைக்காரர், விடுதிக்காரர் என்று பலர் அதே தண்ணீரில் பிழைக்கிறார்கள். இடையிடையே மிதந்த பிளாஸ்டிக் போத்தல்கள்தான் கண்ணை உறுத்தின. குப்பை கூடினால் வருகிறவர் திரும்பி வரமாட்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 1904இல் ஒரு சிறிய புகையிரதப் பாதை இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கின. 1940களில் அது மூடப்பட்டு, தண்டவாளமும் கழற்றப்பட்டது. அது இன்று இருந்திருந்தால், அதில் ஏறவே எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள்! கால்வாய் மிஞ்சியதால் அங்கே பிழைப்பு மிஞ்சியது. இங்கே பாதையோடு பிழைப்பும் போயிற்று.

எனினும் நம்மிடம் 1873இல் அமைத்த கிரகரி வாவி இருக்கிறது. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளும் தோட்டப் பாதைகளும் இருக்கின்றன. ஏப்ரல் வசந்த காலத்தை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் கடை நடத்துவது கடினம். நகரத்து வர்த்தகர்கள் ஒன்றுகூடி வாவியைச் சுத்தமாக வைத்திருக்கவும், சுற்றுலாப் பயணிகளிடம் நியாயமான ஒரே விலை வாங்கவும் முடிவெடுத்தால், மற்ற மாதங்களிலும் கல்லாவில் காசு விழும். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. சந்தைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து பேசினாலே போதும்.