மண்ணுக்குள் ஒரு பார்ட்னர்!

வறட்சி வந்தால் முதலில் சாவது நோஞ்சான் மரம்தானே? அதுதான் இல்லை!

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் சன்செட் கிரேட்டர் என்றொரு எரிமலை. சுமார் 900 வருஷத்துக்கு முன்னால் அது கக்கிய கரிச் சாம்பல்தான் சுற்றுவட்டாரத்தில் மண். அதிலும் பிழைக்கின்றன பின்யோன் பைன் மரங்கள். இரண்டு ரகம். ஒன்று, பூச்சி அண்டாமல் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும் மாப்பிள்ளை ரகம். மற்றது, அந்துப்பூச்சியின் புழு குருத்தைக் குடைந்து குடைந்தே புதர் மாதிரி குட்டையாகிப்போன பரிதாப ரகம்.

2002-ல் கடும் வறட்சி. பார்த்தால், மாப்பிள்ளைகள்தான் பொத் பொத்தென்று போய்ச் சேர்ந்தார்கள்... ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக! பரிதாபங்களில் பெரும்பாலானவை தப்பித்துவிட்டன.

எப்படி? நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கெரிங்கும் சகாக்களும் வேரை ஆராய்ந்தார்கள். இரண்டு ரகத்திலும் பூஞ்சை உண்டு. ஆனால் கூட்டாளிகள் வேறு வேறு! பிழைத்த ரகத்தின் வேரில் ஜியோபோரா என்ற பூஞ்சையின் ராஜ்ஜியம். அந்த ரகத்து நாற்றுகளைப் பூஞ்சையே இல்லாமல் வளர்த்தும் பார்த்தார்கள். வறட்சியைச் சமாளிக்கிற சாமர்த்தியம் போயே போச்சு! (ஆய்வு வெளியானது 2017-ல்.)

வேருக்கும் பூஞ்சைக்கும் உள்ள இந்த சிநேகத்துக்கு 1885-லேயே 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தவர், ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க். பக்கா பார்ட்னர்ஷிப் இது. மரம், இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கீழே அனுப்பும். பூஞ்சையின் மெல்லிய நூல்கள், வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளில் புகுந்து ஈரத்தையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொடுக்கும். மண் காய்ந்தால் வேர் சுருங்கி, நடுவே இடைவெளி விழுமில்லையா? அங்கே பாலம் போடுவதும் இந்த நூல்கள்தான்.

பின்யோன் பைனில் பார்ட்னர் யார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மரத்தின் பரம்பரை. பெற்றோர் பார்த்து வைத்த சம்பந்தம் மாதிரி!

நம்மூரிலும் இந்தக் கூட்டத்தின் வேறொரு ரகம் 'வேம்' என்ற பெயரில் உயிர் உரமாகக் கிடைக்கிறது. வேளாண் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது.

மழைக்காலத்தில் போட்டோ பிடித்து நட்ட கன்று, முதல் கோடையிலேயே குச்சியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அடுத்த தடவை கன்று வாங்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீங்க சார். "வேர்ல யார் இருக்காங்க?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

நர்ஸரிக்காரர் ஒரு மாதிரி பார்த்தால்... நான் பொறுப்பில்லை!