பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் கந்தகம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிரவுனுக்கு 90 ஆயில் ஊத்தணுமா, 140 ஊத்தணுமா? கடைக்காரர் சிந்தெடிக்தான் வேணும்னு நாலு மடங்கு விலை சொல்றார். மெக்கானிக் எதை ஊத்தினாலும் ஓடும்கிறார். நான் யாரைக் கேட்கிறது?"

மெக்கானிக் பேச்சில் ஆபத்து இருக்கிறது, கடைக்காரர் பேச்சில் வியாபாரம் இருக்கிறது. இருவருமே டின்னில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதை முதலில் முடித்துவிடுவோம்.

80W-90 என்பதில் பின்னால் வரும் 90, நூறு டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான குறி. எஞ்சின் ஆயிலில் 40 என்று பார்த்துப் பழகியவர்கள் 90 என்றதும் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைக்கிறார்கள். இல்லை. இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எஞ்சின் ஆயிலின் கெட்டிதான். முன்னால் வரும் 80W குளிருக்கானது: மைனஸ் 26 டிகிரியிலும் பினியன் பேரிங்கைப் பட்டினி போடாத அளவுக்கு அந்த எண்ணெய் இளகியிருக்கும். 75W என்றால் மைனஸ் 40. லடாக்கின் திராஸில் பனிக்காலத்தில் வண்டி ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. சூரியநெல்லியில் எந்த மார்கழியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. கடைக்காரர் சொல்லும் சிந்தெடிக் பெரும்பாலும் இந்த 75W வகைதான். அது கடும் சூட்டில் சீக்கிரம் கெடாது என்பது உண்மை. ஆனால் நாலு மடங்கு விலையில் ஒரு பங்கை நமக்கு வராத குளிருக்காகக் கொடுக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். நாம் கிரவுன் என்று சொல்லும் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருப்பது சாதாரணப் பல்சக்கரம் அல்ல, ஹைபாய்டு. பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் அச்சு, அது சுழற்றும் பெரிய கிரவுன் வீலின் மையத்தைச் சந்திக்காமல் ஒதுங்கிப் போகிறது. அதனால் பினியனைப் பெரிதாகச் செய்யலாம், ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், சத்தமும் குறையும். இதற்குக் கொடுக்கும் விலைதான் கொடுமை. சாதாரணப் பல்சக்கரத்தில் பல்லும் பல்லும் ஓரிடத்திலாவது வழுக்காமல் உருளும். ஹைபாய்டில் அப்படி ஓரிடம்கூடக் கிடையாது. பல்லின் நீளவாக்கில் எப்போதும் இழுத்துத் தேய்த்துக்கொண்டே போகும். அதுவும் எவ்வளவு அழுத்தத்தில்? காற்று மண்டலம் நம்மை அழுத்துவதைப்போலப் பத்தாயிரம் மடங்கு.

அந்த அழுத்தத்தில் எந்த எண்ணெயும் பிதுங்கி ஓடிவிடும் என்றுதான் தோன்றும். ஓடுவதில்லை. நசுங்க நசுங்க எண்ணெயின் கெட்டி பன்மடங்காக ஏறுகிறது. பல் கடந்துபோகும் அந்த நொடித் துணுக்கில் அது கிட்டத்தட்டத் திடப்பொருளாகி நிற்க, இரும்புப் பல்லே லேசாகக் குழிந்து கொடுக்கிறது. நடுவே நிற்கும் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுமையை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் படலம் பத்து சதவீதம்கூட மெலிவதில்லை. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், சட்டென்று மெலியும். ஐம்பது கிலோமீட்டரில் போகிற வண்டி ஐந்தில் ஊர்ந்தால் படலம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

அதாவது, நெடுஞ்சாலையில் பாரத்தோடு பறக்கும் ஜீப்பைவிட, ஃபோர் வீல் போட்டு லோ கியரில் பாறைமேல் ஊரும் ஜீப்பின் கிரவுன்தான் அதிகம் சிரமப்படுகிறது. முறுக்கு விசை உச்சத்தில், வேகம் பாதாளத்தில். அங்கே எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பின் நுண்ணிய மேடுகள் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல நூறு டிகிரி சூடு. சுத்தமான இரும்பும் சுத்தமான இரும்பும் அந்தச் சூட்டில் சந்தித்தால் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கணமே பிய்த்துக்கொண்டு கிழியும். ஒட்டவிடாமல் தடுப்பது எண்ணெயின் கெட்டி அல்ல. அதில் கலந்திருக்கும் கந்தகமும் பாஸ்பரசும்.

நம் வீட்டுத் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். புதுக் கல்லில் மாவு ஒட்டும். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கப் பழக்க, அதே எண்ணெய் வெந்து இறுகி இரும்பின்மேல் கறுப்பாக ஒரு படலம் கட்டுகிறது, பிறகு தோசை வழுக்கிக்கொண்டு வருகிறது. கியர் ஆயிலில் நடப்பதும் இந்தச் சமையல்தான். உரசும் முனை சூடானதும் அந்த இடத்தில் மட்டும் கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது, பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகிறது. இரண்டும் இரும்பைவிட மென்மையானவை. தேய்ந்துபோவதற்கென்றே பிறந்த படலம். தோசைத் திருப்பி சுரண்டினாலும் அடுத்த ஈட்டில் மறுபடி கட்டிக்கொள்கிறது. குளிர்ந்த கல்லில் படலம் கட்டாது, இங்கும் சூடில்லாத இடத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. புதுக் கல்லின் முதல் தோசை பிய்ந்து வருவதுபோல, புதுப் பற்கள் பழகும்போது உதிரும் பொடி டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் விழுதாக ஒட்டியிருக்கும். கல்லில் தேய்க்கும் பாதி வெங்காயத்திலும் கந்தகம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கிரவுனுக்குள் வெங்காயம் போட வேண்டாம். முக்கியமான வித்தியாசம் ஒன்றும் உண்டு. தோசைக்கல்லின் படலம் முழுக்க எண்ணெயிலிருந்து வருவது. கியரின் படலத்துக்கு வேண்டிய இரும்பு பல்லிலிருந்தே போகிறது. கிழிவதற்குப் பதிலாக அணு அணுவாகத் தேய்வது என்ற ஒப்பந்தம் அது.

பாஸ்பரஸ் மெதுவான, பாரமான வேலைக்கு. கந்தகம் திடீர் அதிர்ச்சிக்கு, அதாவது காற்றில் சுற்றிய சக்கரம் சடாரென்று பாறையைப் பிடிக்கும் தருணத்துக்கு. மலைப்பாதை ஜீப்புக்கு இரண்டும் ஒரே வளைவில் நேரும்.

ஆகவே டின்னைத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்று இருக்க வேண்டும். ஜிஎல்-4-ல் இந்த ரசாயனச் சரக்கு ஏறக்குறைய பாதிதான். உடனே, ஐந்து நாலைவிடப் பெரிது என்று அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அங்கே கியர் மாற்ற உதவும் சிங்க்ரோ ரிங் பித்தளை, கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். அரிக்காத வகையில் செய்த ஜிஎல்-5 எண்ணெய்கள் வந்துவிட்டன, ஆனாலும் சிங்க்ரோ ரிங்குக்குப் பிடிமானம் வேண்டும், இது வழுக்கிவிடும். ஜிஎல்-6 என்று எழுதி அதற்கும் மேலானது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அதைச் சோதிக்கும் கருவிகளே இப்போது புழக்கத்தில் இல்லை. அந்தத் தரம் எப்போதோ காலாவதி.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. ஹைபாய்டு பல் வெட்டும் முறை அமெரிக்காவின் கிளீசன் நிறுவனத்துடையது. 1920-களின் பிற்பகுதியில் பேக்கார்ட் அதைக் காரில் போட்டது. பினியன் தாழ்ந்ததால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது. அன்றிருந்த எண்ணெய்கள் தாங்காததால்தான் கந்தகமும் ஈயச் சோப்பும் கலக்கத் தொடங்கினார்கள். கந்தகம் ஏற்றிய திமிங்கில எண்ணெயும் பல காலம் இந்த வேலைக்குப் போனது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருட்களைத் தடை செய்த பிறகே ரசாயன ஆலைகள் மாற்று தேடி ஓடின. போதும்.

கடையில் கவுண்டர்மேல் அடுக்கியிருக்கும் குட்டி பாட்டில்கள், நானோ, செராமிக் வகையறா, அவற்றுக்கு என் பதில்: வேண்டாம். இரும்பின்மேல் உட்காரும் இடத்துக்காக எல்லா ரசாயனங்களும் போட்டி போடுகின்றன. புதிதாக ஒன்று நுழைந்தால் பாஸ்பரசின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தன் வேலையும் செய்யாமல் போகலாம். கந்தகம் கூடிவிட்டால் அந்த அணு அணுவான தேய்மானமும் கூடும். ஒரே விதிவிலக்கு, கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அது திருப்பத்தில் கடகடவென்று அதிர்ந்தால் அதற்கென்றே ஒரு சேர்மானம் உண்டு. வண்டியின் மேனுவல் கேட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

90-ஆ 140-ஆ என்பதற்கு இப்போது பதில் எளிது. மேனுவல் சொல்வதுதான் விடை. இரண்டையும் அனுமதித்தால், பாரத்தோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் வண்டிக்கு 85W-140 போடலாம், படலம் ஓரளவு தடிக்கும். ஆனால் கெட்டி எண்ணெயைக் கடைவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகும், அதுவும் சூடாகத்தான் திரும்பி வரும். ஜிஎல்-5 இல்லாத 140-ஐவிட ஜிஎல்-5 உள்ள 90 எவ்வளவோ மேல். அளவிலும் கண் வையுங்கள். கிரவுன் வீல் வாரி இறைப்பதுதான் பினியன் பேரிங்குக்குக் கிடைக்கும் ஒரே சாப்பாடு. செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்க டிஃபரன்ஷியலின் பினியன் மூக்கு மேலே தூக்கும், எண்ணெய் பின்னால் ஒதுங்கும். லெவல் குறைவாக இருந்தால் முதலில் அடி வாங்குவது அந்த பேரிங்தான்.

ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. தொண்ணூறு டிகிரியில் கொதிக்கும் கூடு குளிர்ந்த தண்ணீரில் பட்டு முப்பதுக்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு விழும். கூட்டின் காற்றுத் துளையான பிரீதர் சேறடைத்துக் கிடந்தால், வெளியே ஐந்தரை அடி ஆழத் தண்ணீர் நின்று அழுத்துவதற்குச் சமம் அது. சீல் செய்திருப்பது எண்ணெயை உள்ளே வைக்க, தண்ணீரை வெளியே நிறுத்த அல்ல. உறிஞ்சிவிடும். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெயே வெளிறிக் கலங்கி வந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.