இல்லறமும் நன்றியறிதலும்

மக்கட் பண்புகளுள் நன்றியறிதல் தலைசிறந்தது என்பது எச்சமயத்தார்க்கும் உடன்பாடு. ஆயினும் அப்பண்பு யாண்டுத் தொடங்குவது, யாரிடத்து முதற்கண் செலுத்தத்தக்கது என்பன நின்று ஆராய்தற்குரியன. இக்காலத்து நன்றி என்னுஞ் சொல் வாயாற் கூறும் ஓர் உபசாரமொழியாய் வழங்குகின்றது. பண்டைத் தமிழிலோ அச்சொல் நன்மை என்றும், ஒருவர் பிறர்க்குச் செய்த உதவி என்றும் பொருள்படும். ஆகலின் நன்றியறிதல் என்பது தாம் பெற்ற நன்மை இன்னதென அறிதலேயாம். அறிதல் முற்பட்டது, கூறுதல் பிற்பட்டது. பெற்றது யாதென அறியாதார் கூறும் நன்றி எத்துணை இனிதாயினும் வெறுஞ் சொல்லாய் ஒழியும்.

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தம் நூலின் 11-ஆம் அதிகாரமாக வைத்தார். அது துறவறவியலில் இல்லை, பொருட்பாலின் அரசியலிலும் இல்லை, இல்லறவியலின்கண் உள்ளது. வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் என 6 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள் நிரலே வர, அவற்றையடுத்து இஃது வருகின்றது. துணையும் மக்களும் அன்பும் விருந்தும் இன்சொல்லும் ஒரு வீட்டின்கண் நிகழ்வன. அவை நிகழ்தற்பொருட்டு அவ்வீட்டில் யாரோ ஒருவர் உழைத்திருத்தல் வேண்டும். அவ்வுழைப்பை அறிதலே நன்றியறிதலின் முதற்படி என்று கொள்வது இவ்வைப்பு முறைக்குப் பொருந்துமென்பது எம் கருத்து.

அவ்வுழைப்பு யாருடையது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் எவ்வளவினது என்பதை அறிந்தார் சிலரே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நம் நாடெங்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பொன்று நடத்திற்று. ஆறு வயதும் அதற்கு மேலும் உடையாருள், ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நூற்றுக்கு 81 பேர். ஆடவர் 26 பேர். அங்ஙனம் ஈடுபட்டாருள்ளும் பெண்டிர் சராசரி 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நாடோறும் நிகழும் இவ்வுழைப்பிற்கு விடுமுறையுமில்லை, ஓய்வூதியமுமில்லை. சோறு உண்டவுடன் மறைகின்றது. துடைத்த தரை மாலைக்குள் அழுக்கேறுகின்றது. செய்தபின் கண்ணுக்குத் தோன்றாமல் மறைவதே இவ்வுழைப்பின் இயல்பு. செய்யாதொழிந்த அன்றுதான் அஃது உண்டென்பது பிறர்க்குப் புலனாகும்.

அறியாமை வீட்டளவில் நின்றதுமன்று. 2001-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கெடுப்பில், சமைத்தும் மக்களை வளர்த்தும் வாழும் இல்லத்தரசியர் இரவலரோடும் சிறைப்பட்டாரோடும் ஒருங்கே, உழைப்பாளரல்லாதார் என்னும் பகுப்பில் வைக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பொன்றில் இதனை எடுத்துக்காட்டி வருந்திற்று. நாடே கணக்கில் வையாததை வீட்டார் கணக்கில் வையாமை வியப்பன்று.

"நாம் தாயரையும் மனைவியரையும் போற்றுகின்றோமே, இனி வேறென்ன வேண்டும்?" என வினவுவாருளர். போற்றுதல் குறைவின்றி நடைபெறுகின்றது என்பது உண்மையே. நம் திருச்சபைகளில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதி திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் விரும்பி வாசிக்கப்படுவதொன்று. எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு அமைந்தது அப்பகுதி. அதனைப் பொறுமையும் அடக்கமும் மட்டுமே உடையாள் ஒருத்தியின் புகழாகக் கருதுவார் அதனை முற்றும் வாசித்திலர். அப்பெண் நிலத்தை ஆராய்ந்து வாங்குகின்றாள். திராட்சைத் தோட்டம் நாட்டுகின்றாள். நெய்தவற்றை வணிகர்க்கு விற்கின்றாள். எளியார்க்குக் கை திறந்து ஈகின்றாள். ஞானம் விளங்கப் பேசுகின்றாள். அன்றியும், அப்பகுதி புகழ்ச்சியோடு அமையாது, அவள் கைகளின் பயனில் அவளுக்கே பங்களிக்குமாறு கட்டளையிட்டு முடிகின்றது. பயனைத் தாம் வைத்துக்கொண்டு புகழை மட்டும் அளிப்பார் அவ்வதிகாரத்தின் இறுதி வசனத்தை விட்டவரேயாவர்.

புகழும் அன்பும் இருந்தும் அறிவும் செயலும் இல்லாவிடத்து விளைவது யாது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது திண்டிவனம். அவ்வூரைக் கடந்து செல்லும் மாணவருள், ஆங்கு ஓரிரவில் நிகழ்ந்த துயரமே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து என்பதை அறிந்தார் எத்துணையரோ!

ஆற்காடு அமெரிக்க மிஷனைச் சார்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் தொண்டாற்றிய காலம் அது. அவர் மகளார் ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். அமெரிக்காவிற் கல்வி பயின்றவர். நோயுற்ற தாய்க்கு உதவும்பொருட்டு 1890-ஆம் ஆண்டில் திண்டிவனம் வந்தார். மிஷனெரியாய் இந்நாட்டில் தங்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. விரைவில் திரும்பி இன்புற வாழ்தலே அவர் விருப்பம். அவ்வாண்டுகளில் ஓரிரவு, பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டி, மகப்பேற்றில் துன்புறும் தம் இளமனைவியைக் காக்க வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என ஐடா கூற, வேற்று ஆடவர் தம் மனைவியைக் காண்பது வழக்கமன்று என்று அவர் திரும்பினார். பின்னர் முஸ்லிம் ஒருவரும், அவர்க்குப் பின்னர் மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்து அதே விடையோடு திரும்பினர். பொழுது விடிந்தபின் வினவியபோது, அம்மூன்று இளம்பெண்களும் இறந்தனர் என்னுஞ் செய்தி கிடைத்தது.

அம்மூன்று கணவரும் அன்பிலார் என்று கூறலாகுமோ? நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர் மனைவியரை மதியாதார் ஆகார். ஆயினும் இல்லத்தின் கண்ணியம் என்பதைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணத்தை, இல்லத்தைத் தாங்கியவளின் உயிரினும் மேலாக வைத்தனர். சமயம் மூன்று வீட்டிலும் ஒன்றன்று; முடிவு ஒன்றே. அதுவும் ஒரு சமயத்தாரின் குறையாக எண்ணத்தக்கதன்று. பெண் மருத்துவரை உருவாக்காத சமுதாயம் முழுவதுமே அதற்குப் பொறுப்புடையது. பெண்ணைக் காக்கப் பெண்ணே வேண்டுமென்றவர், பெண் கற்கவேண்டுமென்று நினைத்திலர். வீடே பெண்ணுக்கு எல்லை என்னுங் கொள்கை, வீட்டிற்குள்ளேயே அவள் உயிரைப் போக்கிற்று.

அவ்விரவு ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பிற்று. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1899-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். இந்தியாவிற்குத் திரும்புமுன் மருத்துவமனை ஒன்று கட்டுதற்குப் பொருள் திரட்ட முற்பட்டபோது, நியூயார்க் நகரத்துச் செல்வர் ஷெல் என்பார், காலஞ்சென்ற தம் மனைவியார் மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அப்பொருளால் 40 படுக்கைகளோடு வேலூரில் 1902-ஆம் ஆண்டு அம்மாதரசியின் பெயரால் மருத்துவமனை எழுந்தது. 1918-ஆம் ஆண்டில் ஐடா பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அது பின்னர்க் கல்லூரியாய் உயர்ந்து, 1947-ஆம் ஆண்டு முதல் ஆடவரையும் ஏற்றது. 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இறைவனடி சேருமுன் பல தலைமுறைப் பெண் மருத்துவர் அவரிடத்துத் தோன்றிவிட்டனர்.

ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. திண்டிவனத்தில் மூன்று கணவர் மனைவியரை இழந்தனர்; நியூயார்க்கிலும் ஒரு கணவர் மனைவியை இழந்தார். துயரம் நால்வர்க்கும் பொதுவே. ஆனால் ஒருவருடைய நன்றி, தாம் கண்டறியாத ஆயிரமாயிரம் வீட்டுப் பெண்களுக்குத் திறந்த கதவாயிற்று. கல்லறையின்மேல் எழுதும் சொற்களினும், உயிரோடிருப்பார்க்குச் செய்யும் உதவியே இறந்தார்க்குச் செலுத்தும் மெய்யான நன்றி என்பதனை இஃது இனிது விளக்குகின்றது. இன்று விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பயிலுகின்றனர். திண்டிவனத்தில் அன்று தட்டப்பட்ட கதவு இங்ஙனம் அகலத் திறந்தமைக்கு நாம் கடவுளைத் துதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி, நம் ஆண்டவர் இப்பொருள் பற்றிக் காட்டிய வழியை நோக்குவோம். லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் தொழுநோயர் பதின்மர் நலம்பெற்றனர், திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். ஏனைய ஒன்பதின்மர் தீயவரென்று கூறப்பட்டிலர். தாம் போகும் வழியே போயினர். நாடோறும் உண்டு வெளியேறும் நம் போல்வார்க்கு அவ்வொன்பதின்மர் நெருங்கிய உறவினர்.

மார்த்தாள் வீட்டிலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. தம் பாதத்தருகே அமர்ந்து கேட்ட மரியாளை இயேசு அடுக்களைக்கு அனுப்பிவிடவில்லை. கற்றல் அவளுக்கும் உரிய பங்கென்றார். மார்த்தாளையும் அவர் இகழ்ந்தாரல்லர். இலாசரு இறந்தபோது ஆண்டவரை எதிர்கொண்டு, அவரே கிறிஸ்து என அறிக்கையிட்டவள் அம்மார்த்தாளே. பின்னர் விருந்தில் பணிவிடை செய்தவளும் அவளே. பணியும் ஞானமும் ஒருத்தியிடத்தே தங்கக் காண்கின்றோம். அன்றியும், யோவான் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துச் சோர்ந்த சீடரை உண்ண அழைத்தார். மரணத்தை வென்ற கைகள் அடுப்பு மூட்ட நாணவில்லை. அங்ஙனமிருக்க, அடுப்பங்கரைப் பணி ஆடவர்க்கு இழிவென்பார், தம்மை எவருடைய சீடரென்று சொல்லிக்கொள்வரோ அறியோம்.

நம் சபைப் பெண்டிரின் நன்றியறிதலையும் இவ்விடத்துக் கூறாதொழிதல் தகாது. உலையிலிடும் அரிசியினின்றும் வேளைதோறும் ஒரு பிடி எடுத்து வேறு கலத்திலிட்டு, அதனைச் சேர்த்து ஆலயத்திற் படைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் வழங்கிவருவது. மிசோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவ மகளிரும் 1910-ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கத்தைப் பேணித் தம் திருச்சபைப் பணியைத் தாங்கி வருகின்றனர். கையிற் காசில்லாதவளும், சொத்தில் தன் பெயரில்லாதவளும் கொடுக்கவல்ல காணிக்கை இது. குறைவினின்றும் எடுத்து நிறைவோடு படைக்கும் அவளிடத்தே நன்றியறிதலைப் பற்றிப் பிறர் கற்பிக்க வேண்டுவது யாதுமில்லை. "உள்ளதற்கு நன்றி கூறி அடங்கியிரு" எனப் பெண்ணுக்கே மீண்டும் மீண்டும் உபதேசிப்பார், கடன்பட்டவரை விட்டுக் கடன் கொடுத்தவரிடம் வட்டி கேட்பாரை ஒப்பர்.

அங்ஙனமாயின் கடன்பட்டோர் செய்யத்தக்கது யாது? முதலாவது, அறிதல். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒரு நாளேனும் வைகறை முதல் இரவு வரை வீட்டுப் பணி முழுவதையும் தாமே செய்து பார்த்தல் நன்று. எந்நூலும் கற்பிக்காததை அந்நாள் கற்பிக்கும். இரண்டாவது, பகிர்தல். உதவி என்று பெயரிட்டு என்றோ ஒருநாட் செய்வது பகிர்தலாகாது. உண்பார் அனைவர்க்கும் உரியது உணவாக்கும் பொறுப்பு. மூன்றாவது, பேணுதல். எல்லார்க்கும் பரிமாறி எஞ்சியதை உண்டு, தன் நோயைக் கூறாது மறைக்கும் தாயை உரிய காலத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் திண்டிவனத்து இரவை மீண்டும் நிகழாது தடுப்பதாகும்.

நான்காவது, பயனிற் பங்களித்தல். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, நெய்வேலியைச் சார்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. கணவர் அயல்நாட்டில் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவியின் உழைப்பும் அடங்கியுள்ளது. ஆகவே அவருக்கும் அதிற் சமபங்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் கருத்து. அன்பினாற் செய்யும் பணிக்கு விலை மதித்தல் அன்பைக் குறைக்கும் எனச் சிலர் அஞ்சுவர். விலை மதித்தல் வேறு, உரிமையை ஏற்றுக்கொள்ளுதல் வேறு. தாயன்பு விலைமதிப்பற்றது என்று கூறி, அதனையே காரணமாக்கித் தாய்க்கு யாதும் அளியாதிருத்தல் நன்றியறிதலன்று. நயமான மொழியால் மூடிய நன்றிகேடு.

பெண்ணின் இடம் இல்லம் என்பர். இல்லம் ஆடவர்க்கும் இடமே; கல்விச்சாலையும் மருத்துவமனையும் மன்றமும் பெண்டிர்க்கும் இடமே. எவ்விடத்திருப்பினும் ஒருவர் சுமையை ஒருவர் தாங்குதலே கிறிஸ்தவ இல்லறம். ஆகவே நம் கல்லூரியிற் பயிலும் சகோதர சகோதரிகளே, இப்பக்கங்களை மூடியபின் நும் இல்லத்தாருக்கு நன்றி கூறுமுன் அவர்தம் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் கூறும் நன்றி சிறிதாயினும் மெய்யாயிருக்கும். அது கையாலும் செய்யப்படும். அத்தகைய அறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வாராக.