தலைக்கு மேல் ஓர் அங்குல ரெஜிபோம்

சைக்கிளில் வரும் மாணவிகள் எல்லோரும் ஹெல்மெட் அணிந்துதான் பாடசாலை வாயிலுக்குள் வர வேண்டும் என்று விதி கொண்டுவரலாமா? கடந்த தவணையில் எமது மாணவத் தலைவியர் சபையில் எழுந்த கேள்வி இது. ஒரு மணித்தியாலம் பேசினோம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே அளவு சத்தமாகப் பேசினார்கள். ஆனால், ஹெல்மெட் என்னதான் செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று இரு பக்கத்திலும் ஒருவரும் சொல்லவில்லை. "விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறீர்தானே, நீரே தேடிப் பாரும்" என்று பொறுப்பாசிரியை வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தேடியதில் கிடைத்தவற்றையும் நான் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

நமது நாட்டில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமாக இருப்பது மோட்டார் சைக்கிளுக்குத்தான். துவிச்சக்கர வண்டிக்கு அல்ல. எங்கள் சைக்கிள் கொட்டகையில் ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து மணியடிக்கும் வரை நின்று பார்த்தேன். வந்து சேர்ந்த அத்தனை லேடீஸ் சைக்கிள்களிலும், ஒரு ஹேண்டிலில்கூட ஹெல்மெட் தொங்கவில்லை. சந்தையடியில் உள்ள சைக்கிள் கடையில் விசாரித்தபோது, "அது ரேஸ் ஓடுற பொடியன்மாருக்கு மகள், நாங்க எடுக்கிறல்ல" என்றார் கடைக்காரர்.

முதலில் அந்தப் பொருளைப் புரிந்துகொள்வோம். சைக்கிள் ஹெல்மெட்டின் வெளியே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. உள்ளே ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்பில் வெள்ளை நுரை. புதிய டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வருமே ரெஜிபோம், அதே விரிந்த பொலிஸ்டைரீன்தான்; அடர்த்தி மட்டும் கொஞ்சம் அதிகம். "இந்த ரெஜிபோமா தலையைக் காப்பாற்றப் போகிறது?" என்று கேட்பவர்கள் இரும்புச் சட்டிபோல் கடினமான ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அது நசுங்குவதனால்தான் காக்கிறது. நசுங்காவிட்டால் பயனே இல்லை.

உயர்தர பௌதிகவியலில் நாம் முதலாம் தவணையிலேயே படிக்கும் இயக்கச் சமன்பாடு இதற்குப் போதும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது செக்கனுக்கு 5.4 மீற்றர் வேகத்தில் இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். சைக்கிள் அசையாமல் நின்றிருந்தாலும் இந்த வேகம் வந்துவிடும். விழுத்துவது புவியீர்ப்பு அல்லவா? இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூச்சியமாகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. விழுந்த உயரத்தை நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுத்தால், அமர்முடுகல் g இன் எத்தனை மடங்கு என்று கிடைத்துவிடும். வெறுந்தலை கொங்கிறீற்றில் மோதி, தோலும் தசையும் அமுங்கும் இரண்டு மில்லிமீற்றருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 150 சென்ரிமீற்றரை 0.2 ஆல் வகுக்க வேண்டும்: 750 மடங்கு. அதே தலை ஹெல்மெட்டுடன் விழுந்து நுரை இரண்டு சென்ரிமீற்றர் நசுங்கினால்: 75 மடங்கு. பத்தில் ஒன்று! ஐரோப்பிய நியமத்தில் ஹெல்மெட்டுக்குள் போலித் தலையொன்றை வைத்து, ஏறத்தாழ இதே ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். 250 மடங்கைத் தாண்டினால் அந்த ஹெல்மெட் தேறாது.

இந்தக் கணக்கிலேயே ஹெல்மெட்டின் எல்லையும் தெரிகிறது. அது விழுவதற்காகச் செய்யப்பட்டது; மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் பஸ்ஸுக்காக அல்ல. வேகம் மூன்று மடங்கானால் சக்தி ஒன்பது மடங்காகும். ஓர் அங்குல நுரையிடம் அவ்வளவு இடமில்லை. "ஹெல்மெட் இருக்கு, பயமில்ல" என்று பிரதான வீதியில் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலைக்கவசத்தை மருத்துவக் கண்ணோடு முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹியூ கெயார்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய ஒருவரைப் பார்க்க அவர் அழைக்கப்பட்டார். நோயாளி ஆறு நாட்களில் இறந்துபோனார். அவர்தான் 'அரேபியாவின் லோரன்ஸ்'. முதலாம் உலகப் போரில் அரபு மண்ணில் பிரித்தானியாவுக்காகக் காய் நகர்த்திய அதே லோரன்ஸ்; வரலாற்றுப் பாடத்தில் எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியமில்லை. ஆனால், அவர் விழுந்த காரணம் நம் கதைக்குப் பொருத்தமானது: சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பியிருக்கிறார். அதன்பின் கெயார்ன்ஸ் இராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள்காரர்களின் மரணங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானிய இராணுவம் அவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

சைக்கிளுக்கு வருவோம். 1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றது. இந்த 85 இன்றும் சுவரொட்டிகளில் வருகிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. ஹெல்மெட் போடுகிறவர் பெரும்பாலும் வேறு விதத்திலும் கவனமானவர். பிரேக் சரிபார்ப்பார், சந்தியில் நிற்பார். அப்படியென்றால் ஹெல்மெட்டின் பலன் எது, மனிதரின் கவனத்தின் பலன் எது? பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், 64,000க்கும் மேற்பட்ட காயமடைந்த சைக்கிளோட்டிகளின் விபரங்கள் இருந்தன. அதன்படி தலைக்காயம் ஏற்படும் சாத்தியம் 51 சதவீதமும், கடுமையான தலைக்காயம் 69 சதவீதமும் குறைவு. 85 அல்ல. இருந்தாலும் கடுமையான காயத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும் ஒரு பொருள் வேறு என்ன இருக்கிறது?

மறுபக்கம் பேசுகிறவர்களுக்குப் பிடித்த ஆய்வொன்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வோக்கர் தன் சைக்கிளில் தூரமளக்கும் கருவியைப் பூட்டிக்கொண்டு ஓடினார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தபோது வாகனங்கள் சராசரியாக எட்டரை சென்ரிமீற்றர் நெருக்கமாக முந்திச் சென்றன. நீண்ட பெண் முடி டோப்பா அணிந்து ஓடியபோது இன்னும் விலகிப் போயின. 2007இல் இது வெளியானபோது பெரிய பரபரப்பு. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைத் திரும்பக் கணித்து, ஆபத்தான அளவு நெருங்கிய வாகனங்களில் அப்படியொரு வித்தியாசம் இல்லை என்றார்கள். ஹெல்மெட்டை மறுக்க இது போதாது என்பதே என் எண்ணம். டோப்பா விடயம் மட்டும் சுவாரசியமானது; பர்தா அணிந்து ஓடுகிறவர்களுக்கு நம் ஊர் பஸ்காரர்கள் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று யாராவது அளந்தால் நல்லது.

இதுவரை படித்தால் விதி போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் பாதி வழியில் அப்படித்தான் தோன்றியது. அவுஸ்திரேலியாவைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

அங்கே விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை முதலாம் திகதி எல்லா சைக்கிளோட்டிகளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு வருடத்துக்குள் அணிவோர் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தார்கள். தலைக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களும் குறைந்தார்கள். ஆனால், மெல்பேர்ண் வீதிகளில் நின்று எண்ணியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: சைக்கிளில் போகும் பதின்ம வயதினரின் தொகையே வெகுவாகக் குறைந்திருந்தது. தலைக்காயம் குறைந்ததில் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு, பிள்ளைகள் சைக்கிளை விட்டதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நெதர்லாந்தோ முற்றிலும் வேறு வழியில் போனது. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது: 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்'. அவர்கள் பிள்ளைகளின் தலையில் எதையும் மாட்டச் சொல்லவில்லை. வாகனத்தின் வேகத்தைக் குறை, சைக்கிளுக்குத் தனிப் பாதை கொடு என்று வீதியில் இறங்கினார்கள். இன்று அங்கே பாட்டி முதல் பேத்தி வரை சைக்கிள்தான். ஹெல்மெட் அணிகிறவர்கள் மிகச் சிலர்.

நம் ஊர் நெதர்லாந்து அல்ல. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 பெருந்தெருவில் நீண்டதூர பஸ்ஸும் மணல் டிப்பரும் த்ரீவீலும் நாமும் ஒரே தாரில்தான் ஓடுகிறோம். ஆனால் ஒரு விடயத்தில் நாம் நெதர்லாந்துதான்: கரையோரம் முழுக்கத் தட்டையான நிலம். பெண் பிள்ளைகள் சைக்கிளோட இதைவிட வசதியான ஊர் இலங்கையில் அதிகமில்லை. 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டபோது வேனும் ஆட்டோவும் நின்றுபோயின. சைக்கிள் இருந்தவர்கள் பாடசாலைக்கு வந்தார்கள்.

இங்கேதான் என் பயம். எங்கள் தெருவில் தரம் எட்டில் படிக்கும் தங்கச்சி ஒருத்தியின் பர்தா நுனி போன வருடம் பின் சில்லில் சிக்கியது. கானோரக் கொங்கிறீற்றில் தலை அடிபட்டது. வெளியே இரண்டு தையல்தான். ஆனால் மூளை அதிர்வினால் மூன்று மாதம் வாசிக்க முடியாமல் தலையிடியோடு கிடந்தாள். அவளுக்கு அன்று ஹெல்மெட் இருந்திருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த விபத்துக்குப் பின் எங்கள் வட்டாரத்தில் நடந்தது என்ன தெரியுமா? ஒரு வீட்டிலும் ஹெல்மெட் வாங்கவில்லை. மூன்று வீடுகளில் சைக்கிளை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. அவளுடைய வாப்பாவுக்கு ஆட்டோக் காசு பாடசாலைக்குத்தான் கட்டுபடியாகிறது. மாலை இரசாயனவியல் வகுப்புக்கு அவள் இப்போது வருவதில்லை. விதி பற்றிய பேச்சு என் வீட்டுக்கும் எட்டியபோது உம்மா சொன்னார்: "ஹெல்மெட் போட்டுத்தான் போகணுமெண்டா அவ்வளவு ஆபத்தெண்டுதானே அர்த்தம்? நீ வேன்லயே போ." மெல்பேர்ணில் பதின்ம வயதினர் தாமாக சைக்கிளை விட்டார்கள். இங்கே நாம் விடமாட்டோம், நம்மிடமிருந்து எடுத்துவிடுவார்கள். அதுவும் ஆண் பிள்ளைகளிடமிருந்து எடுக்கமாட்டார்கள்.

ஆகவே நான் சபையில் சமர்ப்பித்த கருத்து இது: ஹெல்மெட்டை ஊக்குவிப்போம், வாயிலில் மறிக்க வேண்டாம். முதலில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு. அதிகம் விழுவது பழகும் வயதில்தான். ஆனால் அதற்கும் முன்னர், எல்லா லேடீஸ் சைக்கிளிலும் பின் சில்லுக்கு வலை, சங்கிலிக்கு மூடி. எங்கள் தெருத் தங்கச்சியை விழுத்தியது துணி. வலை இருந்திருந்தால் ஹெல்மெட்டுக்கே வேலை வந்திராது. விலையும் ஹெல்மெட்டை விட எத்தனையோ குறைவு. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அல்லாஹ் பாதுகாப்பான், இவ்வளவு யோசிக்கணுமா?" என்றாள் ஒரு தோழி. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை இன்னொருத்தி நினைவூட்ட, பேச்சு அத்தோடு முடிந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். பர்தாவோடு ஹெல்மெட் பொருந்தாது என்பது பாதிதான் உண்மை. நாம் பழக்கமாகச் செய்யும் மூன்று காரியங்கள்தான் பொருந்தவிடாமல் தடுக்கின்றன. உச்சியில் போடும் கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். கழுத்தோரமாகத் தாழ்த்திக் கட்ட வேண்டும். தலைமேல் குத்தும் ஊசி விழும்போது உள்ளே இறங்கும். ஊசி தேவைப்படாத, தலைவழியே மாட்டும் பர்தாதான் ஏற்றது. மூன்றாவது, உள்தொப்பிக்கு மேல் இரண்டு மடிப்புத் துணி. ஹெல்மெட் துணிமீது வழுக்கும்; மெல்லிய ஒற்றைத் துணியே போதும். கடையில் போட்டுப் பார்க்கும்போதும் அதே பர்தாவோடுதான் அளவு பார்க்க வேண்டும். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். பலர் தொப்பிபோல் பின்னால் தள்ளிப் போடுகிறார்கள்; அப்போது நெற்றி திறந்து கிடக்கும். நாடாக்கள் காதுக்குக் கீழே சந்தித்து, நாடிக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு விரல் மட்டும் போக வேண்டும். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துப் போடலாமா என்று தரம் ஆறு பிள்ளை ஒருத்தி கேட்டாள். வேண்டாம், அது பல மடங்கு பாரம், அவள் தலைக்குப் பெரிது, பகல் ஒன்றரை மணி வெயிலில் அதற்குள் இருக்கவும் முடியாது.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தங்கச்சிக்குக் கொடுக்காதீர்கள். வெளியே கீறல்கூட இல்லாமலிருக்கும். உள்ளே நசுங்கிய ரெஜிபோம் திரும்ப எழும்புவதில்லை.