இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை நோய் வருவது ஏன்?

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். மரபணுவும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு நாற்பதிலேயே சர்க்கரை, இன்னொருவர் அறுபதிலும் லட்டு சாப்பிடுகிறார். எப்படி?

உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைப் பாருங்கள். குழந்தை தொடக்கூடாது என்று சில சுவிட்சுகள் மேல் டேப் ஒட்டியிருப்போம். ஒயரிங் மாறவில்லை, ஆனால் அந்த சுவிட்ச் வேலை செய்யாது. மரபணுக்கள் மீதும் உடல் இப்படி டேப் ஒட்டுகிறது. மெத்தில் என்ற குட்டி வேதித் துணுக்குதான் அந்த டேப். உணவு, எடை, புகை, வயது எல்லாமே அதை ஒட்டவும் உரிக்கவும் செய்யும். இரட்டையர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, டேப்பைப் பார்த்து நோயை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் ஆய்வாளர்கள் இதை முயன்றார்கள். நோய் வராத காலத்திலேயே எடுத்துவைத்த ரத்தம். பின்னால் யாருக்குச் சர்க்கரை வந்தது என்ற கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஐந்து மரபணுக்களில் வித்தியாசம் தெரிந்தது. முடிவு 2015இல் வெளியானது.

அந்த ஐந்தில் ஒன்று டிக்ஸ்நிப். இது அளவுக்கு மீறி இயங்கினால், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள் சாகும். நோய் வந்தவர்களிடம் இதன் மேல் டேப் குறைவாக இருந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் டிக்ஸ்நிப் முடுக்கிவிடப்படும். ஆகவே டேப் உரிந்ததால் சர்க்கரை ஏறியதா, ஏறியதால் உரிந்ததா? என்னைக் கேட்டால், இது குற்றவாளி அல்ல, சாட்சி என்றே சொல்வேன். முன்கூட்டிச் சொல்ல சாட்சியே போதும்.

டேப்பைப் பார்க்கும் இந்தச் சோதனை உங்கள் தெருமுனை லேபுக்கு இன்னும் வரவில்லை. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால், இப்போதைக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரைச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.