உப்பைத் தண்ணீர் தொடும் முன்பே

கனடாவின் யூகான் பகுதியில் ஆற்றுச் சரளையைக் கழுவித் தங்கம் எடுப்பவர்கள், கலங்கல் நீரைக் குட்டையில் தேக்குகிறார்கள். மண் அடியில் படிந்ததும் தெளிந்த நீர் மறுபடி சரளை கழுவப் போகிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கு இந்த வழி பாதிதான் உதவும். டேனரிக் கழிவில் வரும் சதைத் துணுக்கும் சுண்ணாம்பும் தொட்டியில் படியும். குரோமியத்தைக்கூட மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, அடுத்த தோலைப் பதனிட எடுத்துக்கொள்ளலாம். தோல் கெடாமலிருக்கப் போட்டு நீரில் கரைந்த உப்பு மட்டும் எத்தனை நாள் தேக்கினாலும் படியாது. ஆம்பூருக்குக் கீழே, அணைக்கட்டு வட்டத்துப் பள்ளிகொண்டா வழியாக வேலூர் செல்லும் பாலாறு பெரும்பாலும் வறண்ட மணல்தான். அதில் விட்ட உப்புநீர் நேரே நிலத்தடிக்கு இறங்கிவிடும். தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டது. உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 தீர்ப்பில் அதை எடுத்துக்காட்டியது.

இப்போதுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், ஆர்.ஓ.வும், ஆவியாக்கிகளும் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அவை தேவைதான், ஆனால் ஆவியாக்கி எரிபொருளைத் தின்கிறது, கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. கழிவைக் குவித்து வைப்பதே ஆபத்து. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

ஆகவே உப்பைத் தண்ணீர் தொடும் முன்பே பிரிப்பதுதான் அறிவு. நம் வெயிலில் பச்சைத் தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதனால் அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்புப் போடுகிறார்கள். உப்பே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊறல் தொட்டியில் இறக்குமுன் மரச்சட்டத்தில் அடித்தோ, ஓட்டையுள்ள உருளையில் சுழற்றியோ உதறினால், சதைப் பக்கம் ஒட்டியிருக்கும் உப்புக் கற்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. சுத்தம் செய்தால் அடுத்த தோலுக்கும் ஆகும். முழுதும் உதிராதே என்பது உண்மைதான். மீதி உப்பு முதல் ஊறல் நீரில் இறங்கும். அதை மற்றக் கழிவோடு கலக்காமல் தனி வாய்க்காலில் எடுத்து வெயில் பாத்தியில் காயவைக்க வேண்டும். சிறிய டேனரிக்கு இது கூடுதல் கூலி, கூடுதல் இடம். அந்தச் செலவு ஏற்றுமதியாகும் செருப்பின் விலையில் ஏறட்டும். இத்தனை காலம் கிணற்றுப் பாசனக்காரர்கள்தான் அதைச் சுமந்தார்கள்.